சிவப்பு அம்புக்குறி

டீயை வாங்கிய கையோடு கிளாஸின் விளிம்பைத் தடவிப் பார்க்கிறாள் முத்துப்பேச்சி. கீறல் இருக்கிறது. இடுப்பில் செருகியிருக்கும் தாளிலிருந்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, கீறலைக் காட்டும்படி ஒட்டி, கடைக்காரரிடமே திருப்பி நீட்டுகிறாள். "மாத்திக் குடுங்கண்ணாச்சி. எங்க வாய் கிழிஞ்சா நீங்களா தைப்பீக?"

அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, எதைக் கண்டாலும் அந்த இடத்தில் அம்புக்குறி விழும். குறை சரியாகாமல் அதை யாரும் பிய்க்கக் கூடாது. சரியானதைப் பார்த்து, ஒட்டியவளே எடுக்க வேண்டும். இது கம்பெனி வழக்கம். இவளுக்கு மட்டும் அது கம்பெனி வாசலோடு முடிவதில்லை. பஸ்ஸில் கிழிந்த சீட், ஒழுகும் தெருக்குழாய், பொய் சொன்ன அன்றைக்குப் புருஷன் ராஜபாண்டியின் மீசை என்று எதையும் விட்டதில்லை. பாவம், மனுஷன் ஒருநாள் மீசையில் அம்போடு ஷிப்டுக்கே போய்விட்டார்!

சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்தவள், எட்டாவதோடு படிப்பு நின்றது. முப்பத்தைந்து வயதில் சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தாள். துணியின் தரம் பார்க்கும் படிப்பு. வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் கம்பெனிகள் இப்போது சான்றிதழ் கேட்கின்றன. அது கையில் இருந்தால் நாளெல்லாம் நின்று கால் வீங்கும் மேஜையை விட்டு சூப்பர்வைசர் ஆகிவிடலாம். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ஆனால் கல்லூரி ஓடுவது அரசு மானியத்தில். அதுவோ வருஷா வருஷம் சட்டசபைக் கூட்டத்தில் யார் யாரோ மல்லுக்கட்டி வர வேண்டியது. இந்தத் தடவை வராவிட்டால் ஜூனில் பூட்டு என்று சொல்லிவிட்டார்கள்.

விடுவாளா? கூட்டத்தொடருக்கு முன்னால் ஞாயிறுதோறும் வகுப்பையே கூட்டிக்கொண்டு எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்றாள். அவர் தங்கமான மனிதர், யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாது. அதுதான் வம்பே. "சட்டசபைல கல்வி மானிய விவாதத்தன்னிக்கு நானே எந்திரிச்சுப் பேசறனுங்க அம்மிணி. கட்டாயமுங்க" என்றார்.

பேசவும் பேசினார். மறுநாள் பேப்பரில் படத்தோடு வந்திருந்தது. கல்வி விவாதத்தில் எழுந்து மேம்பாலம் கேட்டிருந்தார், அது கிடைத்தும்விட்டது. கல்லூரியைப் பற்றி ஒரு வரி இல்லை. வகுப்பில் அதைப் படித்துவிட்டுக் கூடப் படிக்கும் கருப்பாத்தாள் அழுதாள். முத்துப்பேச்சிக்கு அழுகை வரவில்லை. "அழுதா ஓட்டை அடைஞ்சிருமாக்கும்? எந்திரிட்டீ!"

அடுத்த ஞாயிறு அருள்புரத்தில் பஸ் நிழற்குடை திறக்க எம்.எல்.ஏ. வந்தார். மாலையும் சால்வையுமாகக் கூட்டம் நெரிந்தது. இடித்துக்கொண்டு போய் எதிரே நின்றாள். "ஐயா, எங்க காலேஜு என்னாச்சு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டுந்தான் கேட்டனுங்க. பாலமா, காலேஜா, ஒண்ணச் சொல்லுன்னு மேல சொல்லிப்போட்டாங்க. பக்கத்துத் தொகுதிக்காரரு அவுரு ஊருக்குக் காலேஜுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னாருங்க. பாலம்னா ஊரே பாக்குமுல்லீங்க? காலேஜு நிதிய அவுருக்கு உட்டுக் குடுத்துட்டனுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம் கண்ணு."

"எங்கள வித்துல்லா பாலம் வாங்கியிருக்கீக! அதுமேல ஏறி நாங்க எங்கன போயிப் படிக்க?"

சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய வெள்ளைச் சட்டைப் பையின்மேல் சிவப்பு அம்புக்குறி ஒட்டியிருந்தது. கட்சிக்காரர்கள் பாய்ந்து வந்தார்கள். எம்.எல்.ஏ.யின் விரல் தன்னால் அதைப் பிய்க்கப் போனது.

"தொடாதீக. சரி பண்ணிக் கொண்டாங்க, நானே எடுக்கேன்."

யாரோ அவள் தோளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் அசையவில்லை. லேசாகத் தூக்கிக்கொண்டிருந்த அம்பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டாள்.