வெள்ளைச் சப்பாத்தும் ஹொர மரமும்

நான் வகித்த முதல் அரசாங்கப் பதவி அளவுகோல். நியமனக் கடிதம் கிடையாது, சம்பளமும் கிடையாது. ஆனால் ஜீப்பில் முன் ஆசனம் தந்தார்கள். பின்னாளில் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட பதவிகள் எதிலும் எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததாக நினைவில்லை.

சித்தப்பா காட்டிலாகாவில் மரம் அளக்கும் உத்தியோகத்தர். கலியாணம் கட்டாதவர் என்பதால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தார். மாதத்தில் பாதி நாள் காட்டிலும் மீதி நாள் எங்கள் சாப்பாட்டு மேசையிலும் கழியும்; இரண்டு இடத்துக்கும் அவரிடம் விதிமுறை இருந்தது. ஏன் பிந்தி வந்தீர் என்று அம்மா கேட்டால் பஸ் புறப்பட்ட இடத்திலிருந்து விளக்கம் தொடங்கும். எந்தக் கேள்வியும் அவரிடம் பதில் இல்லாமல் திரும்பியதில்லை. அதனால் அம்மா அவரிடம் கேள்வி கேட்பதையே பெரும்பாலும் தவிர்த்துவந்தாள்.

ஒரு பள்ளி விடுமுறையில் அவருடைய அளவுகோல் ஜீப்பின் சில்லில் அகப்பட்டு முறிந்தது. புதிய கோலுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. அது வந்து சேரும்போது மழைக்காலமும் வந்துவிடும். காட்டில் ஒரு கம்பை வெட்டிக்கொள்ளலாமே என்றார் அப்பா. அரசாங்கக் காட்டில் அனுமதியில்லாமல் கம்பு வெட்டுவது குற்றம் என்றார் சித்தப்பா. அதே காட்டிலிருந்துதான் பிளைவூட் கம்பனிக்காரர்கள் லொறி லொறியாக மரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் அனுமதி இருந்தது.

அப்போது அவருடைய பார்வை என் மேல் விழுந்தது. கதவு நிலையோடு என்னைச் சேர்த்து நிறுத்தி நாடா பிடித்தார். மரத்தின் சுற்றளவை நிலத்திலிருந்து நாலடி ஆறங்குல உயரத்தில் எடுக்க வேண்டும். பாஸ்காத் திருநாளுக்கு வாங்கிய வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நான் சரியாக அந்த உயரம் இருந்தேன். சப்பாத்தைக் கழற்றக் கூடாது என்று சித்தப்பா சொன்னது அம்மாவுக்கும் பிடித்திருந்தது. அரசாங்க ஜீப்பில் போகிற பிள்ளை ரப்பர் செருப்போடு போவதாவது.

காடு சபரகமுவப் பக்கம். அங்கே மரங்களின் தலையெழுத்து ஒரு நாடாவில் இருந்தது. சித்தப்பாவின் நாடாவில் ஓரிடத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். மரத்தைச் சுற்றிவரும் நாடாவின் முனை அந்த நூலைத் தொட்டாலோ தாண்டினாலோ அது விதை மரம். வெள்ளை மையால் வளையம் போட்டு, கணக்கில் பதிந்து, நிற்க விடவேண்டும். தொடாவிட்டால் கம்பனிக்கு. இவ்வளவு பெரியதாக இருப்பதுதான் தப்புவதற்கு ஒரே வழி என்பது எனக்கு விளங்கியது. வேறு சில விதிகளும் உண்டு: அளக்கும் இடத்தில் கணு இருந்தால் அதற்கு மேலே அளக்க வேண்டும், மரம் சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்து நிலத்திலிருந்துதான் உயரம் எடுக்க வேண்டும். இதெல்லாம் நான் பின்னாளில் அறிந்தவை. அன்று எனக்குத் தெரிந்த விதி நேராக நிற்பது.

கம்பனியின் சார்பில் சாட்சிக்கு ஒரு கிளார்க் வந்திருந்தார். ஹெந்தளைக்காரர், நல்ல மனிதர். எனக்கு இனிப்பு வாங்கிவந்திருந்தார். அட்டைக்குப் பயந்து முழங்கால்வரை சவர்க்காரம் பூசியிருந்தார். அப்படியிருந்தும் அட்டைகள் அவரைத்தான் தேடிப் போயின. காலை முழுவதும் வேலை ஒழுங்காக நடந்தது. சித்தப்பா என்னை மரத்தின் மேட்டுப் பக்கம் நிறுத்துவார், என் தலைக்கு நேரே சோக்கால் கோடு போடுவார், நான் நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றிவருவேன். அவர் அளவை உரத்துச் சொல்ல, கிளார்க் எழுதிக்கொள்வார். பெரும்பாலான மரங்கள் கம்பனிக்குப் போயின. சித்தப்பாவின் குரலில் மாற்றம் எதுவும் இல்லை.

மத்தியானம், சிங்களத்தில் ஹொர என்று சொல்லும் ஒரு நெடுமரத்திடம் வந்தோம். அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது, உச்சி தெரியவில்லை. அடிமரம் பாவாடை விரித்ததுபோல அகன்று சரிவில் இறங்கியிருந்தது. சித்தப்பா வழமைக்கு மாறாக முதலில் அதன் பட்டையில் உள்ளங்கையை வைத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதனடியில்தான் சோறு சாப்பிடுவதாக வழியில் சொல்லியிருந்தார்.

மேட்டுப் பக்கம் நின்றேன். கோடு விழுந்தது. நாடாவோடு சுற்றிவந்தேன். முனை சிவப்பு நூலைத் தொடவில்லை. என் உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்தது.

சித்தப்பா அளவைச் சொல்லவில்லை. கிளார்க் ஒரு பாறையில் உட்கார்ந்து காலில் அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“எத்தினை, சேர்?”

“நாடா முறுகிப்போச்சு. சாப்பிட்டிட்டு எடுப்பம்” என்றார் சித்தப்பா, கோட்டைக் கையால் அழித்தபடி.

நாடா முறுகவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையில் சோற்றுப் பார்சலைத் தந்தார். தன் பார்சலை அவர் பிரிக்கவில்லை. மரத்தைப் பார்த்தபடி இருந்தார், பிறகு எழுந்து ஒருமுறை அதைச் சுற்றி நடந்தார்.

“பிள்ளை, கீழ்ப்பக்கம் வா.”

கீழே ஊற்றுத் தண்ணீர் கசிந்து ஒரே சேறு. “சப்பாத்து ஊத்தையாகும், சித்தப்பா” என்றேன். மேட்டில் உலர்ந்த இடம் இருக்கிறதே என்றும் காட்டினேன். காது கேளாதவர்போல ஒரு வேரைச் சுட்டி, அதில் ஏறி நில் என்றார். அந்த வேரை அடைவதற்கே வெள்ளைச் சப்பாத்து இரண்டும் சேற்றுக்குள் புதைந்து எழுந்தன. அழுகையை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். கோடு போட்டார். மறுபடி சுற்றினேன். இம்முறை முனை சிவப்பு நூலைத் தாண்டி நின்றது.

அளவை அவர் உரத்துச் சொன்னார். கிளார்க் பேனையைத் திறந்தார், எழுதவில்லை. அவர் நின்ற மேட்டிலிருந்து பார்க்க நாடா இடுப்பளவில் ஓடியது.

“சேர், நாடா கீழ பதிஞ்சு கிடக்கிற மாதிரிக் கிடக்கு. பிள்ளை களைச்சுப் போச்சு. கூனி நிண்டிருக்கும்.”

“பிள்ளையை அளந்து பாரும்.”

“சும்மா சொன்னனான், சேர்.”

“இல்லை, அளந்து பாரும். சந்தேகத்தோடை எழுதக் கூடாது.”

கிளார்க் என்னை மேலே கூப்பிட்டு, சேற்றைத் துடைத்துவிட்டு, பாறையோடு நிறுத்தி, தன் கையாலேயே நாடா பிடித்தார். நாலடி ஆறங்குலம். மயிரளவும் கூடவில்லை, குறையவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோல என் கன்னத்தைத் தட்டினார்.

“பிள்ளை சரி, சேர்” என்று சொல்லி எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

சித்தப்பா மையில் தூரிகையைத் தோய்த்து வளையம் போட்டார். ஒரு வளையம் போதும். அவர் இரண்டு போட்டார். ஜீப்பில் ஏறியபின், “நல்லா நிண்டாய், பிள்ளை” என்றார். அவர் ஒருவரைப் பாராட்டியதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நிமிர்ந்து நின்றதற்குக் கிடைத்த பாராட்டு என்று நினைத்தேன். மேட்டில் ஏன் நிறுத்தவில்லை என்ற கோபம் மட்டும் கொழும்புவரை ஆறவில்லை.

வீட்டில் அம்மா சப்பாத்தைக் கையில் எடுத்தாள். திருநாளுக்கு வாங்கியது, இனிக் கோயிலுக்குப் போட முடியாது. நான் இருந்த கோபத்தில் மரம், மேடு, சேறு எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்புவித்தேன். அம்மாவுக்குக் காடும் தெரியாது, காட்டிலாகாவும் தெரியாது. குசினி வாசலில் நின்று சித்தப்பாவைக் கேட்டாள்:

“ஏன் தம்பி, மேட்டில இடம் இருக்கேக்க பிள்ளையை ஏன் பள்ளத்தில நிப்பாட்டினீர்?”

கம்பனி சம்பளம் கொடுத்து அனுப்பிய மனிதர் காட்டில் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது. சித்தப்பா வாயைத் திறந்தார். விளக்கம் தொடங்கப் போகிறது என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம். அவர் என்னைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், பிறகு ஒன்றும் சொல்லாமல் முன்னறைக்குப் போய்விட்டார்.

பதில் தெரியாமல் போகிறார், பாவம் என்று நினைத்தேன். சப்பாத்து அவ்வளவு மோசமில்லை, கழுவினால் போய்விடும் என்று அவருக்கு ஆறுதல் சொல்லப் பின்னாலேயே ஓடினேன்.