அடிமண்

நான் இப்போது குடியிருக்கும் கணபதியில் எங்கள் தெருமுனையில் கட்டடத்துக்குக் குழி தோண்டி மேலே போட்டிருந்த கருப்பு மண்ணின் வாசம் இன்று காலை மூக்கில் ஏறியதும், உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருந்த, இப்போது தூர்த்து வீட்டுமனையாகிவிட்ட கிணறும், அதில் என்னைவிட இரண்டு வயது சின்னவளான சித்தப்பா மகள் சரசு நீந்திய நீச்சலும் நினைவுக்கு வந்து வயிறு எரிந்தது.

நான் மிதப்பதற்காக முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டிக்கொண்டு படியோரம் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்க, அவள் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்து, புறாக்களின் சத்தம் மட்டும் கிணற்றுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் கொஞ்ச நேரத்துக்குப் பின், கை நிறைய அடிமண்ணோடு மேலே வருவாள். அடிமண் எடுத்து வந்தால்தான் புருடையை அவிழ்க்கலாம் என்பது சித்தப்பாவின் சட்டம்.

ஒருநாள் தோட்டத்துச் செம்மண்ணைப் பிசைந்து டவுசர் பையில் ஒளித்துக்கொண்டு, சித்தப்பா படியில் நிற்கும் தைரியத்தில் புருடையில்லாமல் குதித்தேன். ஓர் ஆள் ஆழம்கூடப் போகவில்லை. மண்ணைக் கைக்கு மாற்றிக்கொண்டு மேலே வந்தபோது, எனக்கு முன்பே முங்கியிருந்த சரசுவும் பக்கத்தில் எழும்பினாள்.

“அண்ணா, அடிமண்ணு கருப்புங்க,” என்று காதோரம் சொல்லி, தண்ணீருக்குள்ளேயே தன் கைமண்ணை என் கையில் திணித்தாள்.

“பரவால்லியே கண்ணு, எடுத்துப்போட்டயே!” என்றார் சித்தப்பா.

இன்றும் விசேஷ வீடுகளில் அவர் அந்தக் கதையைச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து, “ஆமாங்க, அண்ணன் நல்லா முங்குவாருங்க,” என்பாள் சரசு. அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்திருக்கிறது.