அடையாற்றில் ஒரு கெட்டிமேளம்

அப்போது நான் ராயப்பேட்டையில் ஒரு கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசித்துக்கொண்டிருந்தேன். அடையாற்றில் ஒரு துரைசானி வீட்டில் சனிக்கிழமை சாயங்காலங்களில் ஏழு பேர் கூடி வாசிப்பார்கள். இரண்டு பிடில், முழங்காலிடுக்கில் வைத்து வாசிக்கும் பெரிய பிடில், புல்லாங்குழல், ஆளுயர மரக்குழல், பியானோவில் துரைசானி. ஏழாமவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவருடைய வாத்தியம் நாகஸ்வரத்துக்குத் தங்கை மாதிரி இருக்கும். அதற்குப் பதில் கிளாரினெட் போதும் என்று துரைசானி சொல்ல, அந்த வீட்டுப் பட்லர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

இருநூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் எழுதிய உருப்படி. குழல்கள் ஓடும், பிடில்கள் துரத்தும், பிறகு இடம் மாறித் துரத்தும். மற்றவர்கள் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. என் பங்கைத் துரைசானி பியானோவில் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார், பிடித்துக்கொண்டேன்.

கல்யாணங்களில் என் வாசிப்பை யாரும் கேட்டதில்லை. பந்தியில் இடம் பிடிக்கும் கவலை அவர்களுக்கு. இங்கே முப்பது பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு விட்டுப்போக மனமில்லை. அன்றைக்கு ஒழுங்காக வாசித்தால் அந்த நாற்காலி எனக்கே என்று துரைசானி சொல்லியிருந்தார்.

முதல் பகுதி நன்றாகவே போயிற்று. நடுப் பகுதி மெதுவானது. புல்லாங்குழல், ஒரு பிடில், பியானோ மட்டும். நான் சும்மா இருக்க வேண்டும். இருந்தேன்.

முன்வரிசையில் ஒரு துரை தும்மினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துரைசானியின் கணவர், அவருக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிப் பட்லரைப் பார்த்து ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார்.

தாலி கட்டும் நேரத்தில் தும்மல் யார் காதிலும் விழக்கூடாது. விரல் ஆடினால் முழங்கிவிட வேண்டும். பத்து வருஷமாக எங்கள் தொழில் அது. தும்மலும் விரலும் சேர்ந்து வந்தபின் என் கை என்னைக் கேட்கவில்லை. மூன்றாம் பகுதியை முழு மூச்சில் ஊதினேன். மரக்குழல்காரர் பட்டாளத்து பேண்டில் இருந்தவர். பக்கத்து ஆள் ஆரம்பித்தால் தானும் ஆரம்பித்துவிடுவார். பெரிய பிடிலும் கூடவே கிளம்பியது. துரைசானிக்கு வேறு வழியில்லை. முடித்ததும் பலத்த கைதட்டல்.

நான் குசினிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். பட்லர் தேடி வந்தார்.

"இன்னா நைனா, கெட்டிமேளம் கொட்டிட்டு இங்க வந்து ஒளிஞ்சிக்கினு கீறே? அம்மா கூப்டுது."

"நாற்காலி போச்சாண்ணே?"

"அத்த நீயே வந்து கேளு."

துரைசானி காரணம் கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே தும்மல் விஷயத்தைச் சொன்னேன். என் நாலு வார்த்தையைப் பட்லர் இங்கிலீஷில் நாற்பதாக்கி, தும்மியும் காட்டினார். துரைசானி சிரிக்கவில்லை. தும்மிய துரைதான் சிரித்தார். மாப்பிள்ளை யார் என்று கேட்டாராம். துரைசானி பட்லரிடம் ஏதோ சொன்னார்.

"வர்ற சனிக்கெழம வந்துடணுமாம். ஆனா நடுவுல உன்னிய நம்ப மாட்டாங்களாம்."

போனேன். நடுப் பகுதி தொடங்கியதும் பட்லர் பூனை மாதிரி நடந்து வந்து, என் மடியிலிருந்து கிளாரினெட்டை எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் பகுதிக்கு முன்பு அதை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.