எண்ணெய் முழுக்கும் தூக்க ரெக்கார்டும்

ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். போலகத்திலிருந்து வந்து காரைக்காலில் ஒரு நரம்பு கிளினிக்கில் தரை துடைக்கச் சேர்ந்தேன். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டு, பிறகு அதே கிளினிக்கில் மூளை அலையைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. டெக்னீஷியனாக உட்கார்ந்தேன். நான் தலையில் ஒட்டிய எலக்ட்ரோடு கழன்றதாகச் சரித்திரம் கிடையாது. கழலப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான்.

இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த பிறகு, கம்ப்யூட்டர் மிஷின் வந்த புதிது. கருக்களாச்சேரி மீனவர் செல்வமணி வலை இழுக்கும்போதே சிலையாக நின்றுவிடுவார். வாயைச் சப்புவார், லுங்கியைக் கசக்குவார், கூப்பிட்டால் தெரியாது. பேய்தான் என்று அவருடைய தாய்மாமன் முடிவு கட்டிவிட்டார். எங்கள் டாக்டரம்மாவுக்கு அது வலிப்பு என்று சந்தேகம். முதல் ரெக்கார்டில் ஒன்றும் சிக்கவில்லை. தூக்கத்தில் எடுத்துப் பார்க்கலாம் என்றார். இரவு முழுக்கக் கண்விழித்து, ஷாம்பு போட்டுத் தலையை அலசி வரச் சொன்னேன்.

அம்மாவோடு வந்தார். தலையில் கை வைத்தால் வழுக்குகிறது.

"என்னம்மா இது?" என்றேன் அவர் அம்மாவிடம்.

"ராமுச்சூடும் முழிச்சா சூடு ஏறாதாண்ணே? அதான் நல்லெண்ணெயக் காய்ச்சித் தேச்சு ஊத்திவுட்டேன்."

"ஒங்க புள்ளைய வறுக்கவா போறேன்? பேஸ்ட்டு ஒட்டணும்மா!"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இன்னிக்கும் ஒண்ணும் தெரியலன்னா எந்தம்பி வேன் கொண்டாந்துடுவான். பேயோட்டுற எடத்துக்குக் கொண்டுபோயி சங்கிலில கட்டிப்போட்டுருவாங்க."

வேறொருவனாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பான். நான் வாஷ்பேசினில் அவர் தலையைக் குனியவைத்து, நுரை வெள்ளையாகும்வரை நானே தேய்த்து அலசினேன். ஃபேனில் காயவைத்து எலக்ட்ரோடு லீடுகளை ஒவ்வொன்றாக ஒட்டினேன். எல்லாம் பிடித்துக்கொண்டன.

செல்வமணிக்குக் கண் சொருகியது. அம்மா அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

"ஏலே, கண்ண மூடாத! எண்ணெ தேச்ச அன்னிக்குப் பகல்ல தூங்குனா சன்னி வந்துரும்!"

"அவரு தூங்கத்தாம்மா இவ்வளவு பாடு! வாங்க வெளிய."

டீ வாங்கிக் கொடுத்து வராந்தாவில் உட்கார வைத்தேன். எண்ணெய் முழுக்கின் அசதியும் கண்விழிப்பும் சேர்ந்து செல்வமணி குறட்டையே விட்டார். கொஞ்ச நேரத்தில் திரையில் இடது காதுப்பக்க லீடின் கோட்டில் ஊசி ஊசியாக அலை எழும்பியது. ஓடிப்போய் டாக்டரம்மாவை அழைத்து வந்தேன்.

அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, டாக்டரம்மா மெதுவான குரலில் திரையைக் காட்டினார். "காதுக்கு மேல இங்கதான் கெளம்புது. இந்தக் கோடு எழும்புனதும் பக்கத்துக் கோடும் எழும்புது பாருங்க. மூளைல எந்த எடமும் தனியா இல்லம்மா, ஒண்ணுக்கொண்ணு தொடர்பு. அந்த வழியாப் பரவுறப்பதான் வாயச் சப்புறாரு, கூப்புட்டா தெரியல."

"வலிப்புன்னா கையக் கால உதறணும்ல?"

"இதுவும் வலிப்புதான். மாத்திரை தர்றேன். நான் சொல்ற வரைக்கும் கடலுக்கு மட்டும் வேணாம்." என் பக்கம் திரும்பி, "ரெக்கார்டு சுத்தமா வந்திருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எந்தப் பட்டமும் ஈடில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அலையைப் படிப்பது டாக்டர் வேலை. கலங்காமல் எடுத்துக் கொடுப்பது நம் வேலை. தலையில் எண்ணெய் என்று ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். அவருக்கு அடுத்த நாள் என்று ஒன்று இல்லாமல் போகலாம்.

அம்மா கிளினிக் போனிலேயே தம்பியை அழைத்தார். "வேனும் வாணாம், சங்கிலியும் வாணாம்டா." போனை வைத்துவிட்டு வராந்தாவில் செருப்பைத் தேய்த்து நடந்த யாரோ ஒருவரை அதட்டினார்: "மெதுவாப் போங்க, எம்புள்ள தூங்குறான்ல!"