ஒரு கார்டுக்காக மலையேறி வந்தவர்

கடந்த ஜூலை 11, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, மழைமானியைப் பார்த்து டைரியில் குறித்துவிட்டு, எஸ்டேட் அலுவலகம் போய்வந்தேன். மாலையில் ஏற்காடு முழுக்க மூடுபனி.

கிரெடிட் கார்டு எனக்குத் தேவையே இல்லை. 'உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்ற செய்தி தரும் மகிழ்ச்சிக்காகவே புதிது புதிதாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். வந்த கார்டுகள் உறை பிரிக்காமல் பீரோவில் கிடந்தன.

விண்ணப்பித்தவர்களின் வீட்டை வங்கிகளுக்காக நேரில் பார்த்துச் சொல்பவர் முருகேசன். அன்று அடிவாரத்திலிருந்து பைக்கில் வந்தவரின் பேன்ட் முழங்காலில் கிழிந்து, ரத்தம் வழிந்தது. கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த லாரி பனியில் தெரியவில்லையாம். தடுப்புச் சுவரில் பைக் சாய்ந்ததால் பிழைத்திருக்கிறார்.

"உங்க ஊட்டுக்கு இது அஞ்சாவது தடவைங்க. கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துருவேன்னு நெனச்சேன். இன்னைக்கு நெசமாவே கட்டி விட்டுட்டாங்க" என்று சிரித்தார். "ஏனுங்க, இத்தனை கார்டை வெச்சு என்னங்க பண்றீங்க?"

அவரை உட்காரவைத்து, காயத்தைக் கழுவிவிட்டேன்.

கிளம்பும்போது, "நாளைக்கும் வரணுமுங்க. இன்னொரு பேங்க்குலயும் போட்டிருக்கீங்களே" என்றார்.

அன்றிரவு படுத்த பிறகும் அந்த பைக் காதுக்குள் வளைவு வளைவாக ஏறிக்கொண்டே இருந்தது. இப்போதும் பனி இறங்கினால் அந்தச் சத்தம் கேட்கிறது. போனில் புதுக் கார்டு விளம்பரம் வந்தால் அவருடைய முழங்கால்தான் தெரிகிறது, உடனே அழித்துவிடுகிறேன்.

அவர் வந்துபோன மறுநாள் காலை, மழைமானியைக்கூடப் பார்க்காமல் முதலில் முருகேசனுக்குப் போன் செய்தேன்.

"மேலே வர வேண்டாமுங்க. அந்தக் கார்டு எனக்கு வேண்டாம். பேங்க்குக்கு நானே சொல்லிடறேன்."