பூசணம் பிடிக்காத லென்ஸ்

எங்கள் வீட்டில் சோறு பொங்க மூட்டிய நெருப்பைவிட லென்ஸுகளுக்கு மூட்டிய நெருப்பு அதிகம். ஒரு மர பீரோ. அதன் கீழ்த்தட்டைக் கழற்றிவிட்டுச் செங்கல் பரப்பி, அதன்மேல் ஒரு கணப்புச் சட்டி வைத்திருந்தோம். சட்டியில் கரித்துண்டுகள் சாம்பல் மூடிக் கனன்றுகொண்டிருக்கும். மேல்தட்டுகள் எல்லாம் துளை போட்ட பலகைகள். அவற்றில் வெள்ளைத் துணி விரித்துப் பதின்மூன்று லென்ஸுகளை அடுக்கியிருந்தேன். கொடைக்கானலில் இருந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு ஏரி ஞாபகம் வருவதில்லை. பீரோவைத் திறந்ததும் முகத்தில் படும் அந்த இளஞ்சூடும், அதற்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவியின் முதுகும்தான் வருகின்றன.

நான் அங்கே ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். கப்பலேறுவதற்கு முன் வீட்டுச் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி வைப்பார்கள். மற்றவர்கள் கம்பளிக்கும் பீங்கான் தட்டுக்கும் போவார்கள், நான் கேமராவுக்குப் போவேன். முதலில் கிடைத்தது ஒரு ஜெர்மன் ரேஞ்ச்ஃபைண்டர். இந்த ஜாதிக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது, பக்கத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதற்குள் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். லென்ஸின் வளையத்தைத் திருகத் திருக இருவரும் நெருங்கி ஒருவராவார்கள். அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். அந்த இரண்டும் ஒன்றாகும் நொடியில் எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. ஒரு லென்ஸ் இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. குடிக்கு அடிமையானவனைத் திருத்த ஊரே கூடும். லென்ஸுக்கு அடிமையானவனைக் கலாரசிகர் என்று சொல்லி நாற்காலி போட்டுவிடுவார்கள்.

ஆனால் கொடைக்கானல் லென்ஸுக்கு ஆகாத ஊர். ஆடியில் ஒரு மூட்டம், ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை இன்னொரு மூட்டம். மஞ்சு என்று அங்கே சொல்லும் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி நான்கு நாள் காயாமல் கெட்ட வாடை அடிக்கும். அந்த ஈரத்தில் லென்ஸின் கண்ணாடிக்குள்ளே வெள்ளை நூல்போலப் பூசணம் படரும், படர்ந்தால் கண்ணாடியையே அரித்துவிடும். அதற்குத்தான் இந்தக் கணப்பு. சூடு குறைந்தால் பூசணம். கூடினால் லென்ஸுக்குள் இருக்கும் மசகு உருகி வழிந்துவிடும். ஆகவே வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் அவள்தான்.

அவள் பழனி அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த வீட்டுப் பெண். பிறந்ததிலிருந்து வெயிலும் கூட்டமும் காவடிச் சத்தமும் பார்த்து வளர்ந்தவளை, மஞ்சுக்குள் இரண்டு அறை வீட்டில் கொண்டுவந்து வைத்தேன். வெள்ளனே எழுந்து கரி போடுவாள், மத்தியானம் கிளறுவாள், சாயங்காலம் மறுபடி போடுவாள். பீரோவுக்குள் புறங்கையை நீட்டிச் சூடு பார்ப்பாள். தினம் ஒவ்வொரு லென்ஸாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே நூல் தெரிகிறதா என்று பார்ப்பாள். நான் விடுமுறை நாட்களில் மலையின் மறுகோடியில் இருக்கும் கிளாவரை வரை போய்ப் படிக்கட்டு வயல்களைப் படமெடுத்து வந்து காட்டுவேன். அவள் போனதில்லை. ஒருமுறை படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குங்க. அங்க வெயில் அடிக்குது போல" என்றாள். அதில் இருந்த ஏக்கம் அன்று எனக்கு உறைக்கவில்லை. படத்தின் துல்லியத்தைத்தான் பாராட்டுகிறாள் என்று மகிழ்ந்துபோனேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசியில் அவள் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உன்னைத்தான் கேட்கிறது என்று எழுதியிருந்தார். அன்று சாயங்காலம் நான் கோட்டைக் கழற்றும்போதே அவள் சொன்னாள்:

"ஒரு வாரம் போயிட்டு வந்துர்றேனுங்க."

"இந்த மூட்டத்துலயா? பீரோவ யார் பாக்குறது? எனக்கு ஆபீஸ் சோலி தலைக்கு மேல கெடக்கு. தை பொறக்கட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

"அதுவரைக்கும் அம்மா..." என்று இழுத்தாள்.

என் பிடிவாதத்தை நானே பெரிய மனசாக மாற்றிக்கொண்டேன். நான் போய்ப் பார்த்து, அத்தையைப் படமெடுத்து வருகிறேன், முகத்தை அப்படியே உன் கண் முன்னால் கொண்டுவந்து வைக்கிறேன் என்றேன். அந்த வீட்டில் அத்தையின் படம் ஒன்றுகூடக் கிடையாது. அவள் கொஞ்ச நேரம் கரியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா மூக்குத்தி தெரியுறாப்புல எடுங்க" என்றாள். நான் கிளம்பிய அன்று காலை, என்னிடம் இருந்ததில் சிறந்த லென்ஸை அவளே எடுத்துத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். அது மடங்குகிற லென்ஸ். பையில் இடம் அடைக்காமலிருக்க அதன் குழலைக் கேமராவுக்குள் அமுக்கிவிடலாம். படமெடுக்கும்முன் வெளியே இழுத்துத் திருகிப் பூட்ட வேண்டும்.

வத்தலக்குண்டு இறங்கி, திண்டுக்கல் போய், பழனி சேர ஒரு பகல் முழுதும் ஆயிற்று. அத்தை உள் அறையில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையூன்றி எழுந்து, எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"வாங்க மாப்ள. அவ பின்னாடி வர்றாளா?"

மைத்துனர் தலை குனிந்துகொண்டார். அங்கே நின்றிருந்த அத்தனை பேரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். லென்ஸுகளுக்குக் கரி போட ஆளில்லை என்று எந்த வாயால் சொல்வது? அவளுக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்லிவிட்டு, அவசரமாகக் கேமராவை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். கேமராவின் ஜன்னலுக்குள் அத்தை இரண்டாகத் தெரிந்தார், திருகினேன், ஒருவரானார். மூக்குத்தியின் கல் பளிச்சென்று தெரிந்தது. ஃபிலிம் சுருள் தீரும் வரை எடுத்தேன். கேமராவை இறக்கினால் அந்த முகத்தை நேராகப் பார்க்க வேண்டுமே.

நான் மலையேறி வந்த நாலாம் நாள் தந்தி வந்தது. பீரோவை அப்படியே விட்டுவிட்டு இருவரும் ஓடினோம். தந்தி எங்கோ தாமதமாகியிருந்தது, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயின் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஐந்து நாள் கழித்துத் திரும்பினோம். கணப்புச் சட்டி குளிர்ந்துபோய்க் கிடந்தது. பதின்மூன்று லென்ஸுகளையும் ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ஐந்து நாளை முன்னாலேயே அவளுக்குக் கொடுத்திருந்தால் என்ன என்று எண்ணியதும் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

"அந்தப் படம் இருக்குல்லங்க?" என்று அவள் கேட்டாள். மறுநாளே குளியலறைக் கதவின் இடுக்குகளில் கம்பளி அடைத்துச் சுருளைக் கழுவினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். முப்பத்தாறு படங்களிலும் முகம் இல்லை. வெறும் வெள்ளை மூட்டம், நடுவில் கொஞ்சம் கறுத்த மூட்டம், அவ்வளவுதான். அந்த வீட்டில் கேமராவை எடுத்த அவசரத்தில் லென்ஸை வெளியே இழுக்க மறந்திருக்கிறேன். வேறு ஜாதிக் கேமராவாக இருந்தால் பார்க்கும்போதே மங்கலாகத் தெரிந்து எச்சரித்திருக்கும். இதில் ஜன்னல் தனி, லென்ஸ் தனி. ஜன்னலில் எல்லாம் அழகாகத் தெரியும். லென்ஸ் தூங்கிக்கொண்டிருந்தாலும் பொத்தான் கிளிக் என்று சத்தம் போடும்.

கதவுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். மறந்துவிட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வெளியே வந்தது வேறு.

"லென்ஸுல பூசணம் புடிச்சிருக்கு. நடுவுல எப்பவோ நீ கணப்ப அணைய விட்டிருக்க."

அவள் என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், சண்டைக்கு வருவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பொய்க்கு முட்டுக் கொடுக்க நான் அந்த லென்ஸை ஆபீஸுக்கு எடுத்துப் போய், சுத்தம் செய்யக் கொடுத்திருப்பதாகச் சொல்லி, மேஜை இழுப்பறையில் இரண்டு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொண்டுவந்தேன். இவ்வளவு அற்பமான காரியத்தை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தேன் பாருங்கள்.

அதன் பிறகு அவள் அந்த வீட்டைவிட்டு அசையவில்லை. அறுபதுகள் முழுக்க அப்படித்தான் போயின. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். தைப்பூசத்துக்கு ஒருமுறை நானே கூப்பிட்டும், "பீரோவ யாருங்க பாக்குறது?" என்று என் வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். வெயில் காலத்தில்கூடக் கணப்பு எரிந்தது. செய்யாத தப்புக்கு அவள் பிராயச்சித்தம் செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு விடுதலை. ஆனால் நான் யார் என்பது தெரிந்துவிடும். ஒவ்வொரு வருஷமும் சொல்லக் கிளம்பி, ஒவ்வொரு வருஷமும் பின்வாங்கினேன். அவள் கணப்புக்கு முன்னால் மாட்டிக்கொண்டிருந்தாள், நான் அவள் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்று மலையிறங்கும் வரை இது இப்படியே நடந்தது.

இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறோம். இந்த வெக்கைக்குப் பூசணம் எட்டிப் பார்க்காது. சென்ற மாதம் கோயம்புத்தூரிலிருந்து பழைய லென்ஸுகள் சேர்க்கும் ஒருவர் வந்திருந்தார். பழனிக்குக் கொண்டுபோன அந்த லென்ஸை எடுத்து ஜன்னலில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"ஆச்சரியமா இருக்கு சார். மலையில இருந்த லென்ஸ்ங்கறீங்க, ஒரு நூல் பூசணம் இல்ல. எப்பவாவது புடிச்சிருந்தா, என்னதான் சுத்தம் பண்ணினாலும் கண்ணாடியில தழும்பு நிக்கும். இதுல அதுவும் இல்லையே."

அவர் போனதும் அடுப்படி வாசலில் போய் நின்றேன். எண்பதைத் தொடும் வயதில், அன்றைக்கு லென்ஸை இழுக்க மறந்தது நான்தான், பூசணம் இல்லை, உன் மேல் தப்பே இல்லை என்று முழுவதையும் சொல்லி முடித்தேன். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"தெரியும்ங்க. நீங்க பழனிக்குக் கெளம்புன அன்னைக்கு வெள்ளனே அத சன்னல்ல புடிச்சுப் பாத்துட்டுத்தான பையில வெச்சேன்."

"பெறகு எதுக்கு அத்தன வருசம் அந்த நெருப்பக் காத்துக்கிட்டுக் கெடந்த?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் அணைய விட்டு, அதுல ஒரு பொட்டுப் பூசணம் விழுந்திருந்தா, அன்னைக்கு நீங்க சொன்னது நெசமாப் போயிருக்கும்லங்க" என்றாள்.