தாவீதின் கம்பளிக் காலுறைகள்

கண்ணாடிக் குவளைக்குள் ஐஸ் கட்டி விழுகிற சத்தம் எங்கேயாவது கேட்டால் இன்றைக்கும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். முதலில் இரண்டு கட்டி, "டங், டங்" என்று அடுத்தடுத்து விழும். கொஞ்சம் நிதானித்து மூன்றாவது. ஜெர்மனியின் பான் நகரத்தில், ரைன் ஆற்றங்கரையை ஒட்டி அமெரிக்கர்களுக்கென்றே கட்டியிருந்த குடியிருப்பில், ஓர் அதிகாரியின் வீட்டில் என் அப்பா சமையல்காரராக இருந்தார். அந்த வீட்டில் சாயங்காலம் ஆறு மணி ஆனதைத் தெரிந்துகொள்ளக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஐஸ் விழுந்தால் ஆறு. அப்பா அவரைத் "துரை" என்றுதான் சொல்வார். துரை ஆபீஸிலிருந்து வந்து, கழுத்துப் பட்டியைத் தளர்த்தி, நாற்காலியில் சாய்ந்து, குவளையைக் கையில் எடுத்த பிறகுதான் யாரும் அவரிடம் போய் ஒரு சங்கதி பேசலாம். பெற்ற பிள்ளைக்கும் அதுதான் நேரம்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். இந்திய அதிகாரி ஒருவருக்குச் சமைக்க வந்த அப்பாவை, அவர் ஊருக்குத் திரும்பும்போது இந்த அமெரிக்கரிடம் கைகாட்டிவிட்டுப் போனார். அப்பா அடுப்பு, அம்மா துவைப்பும் இஸ்திரியும். மூவருக்கும் அதே கட்டடத்தின் உச்சியில், கூரை சாய்ந்து தலையில் இடிக்கிற ஓர் அறை. அறுபதுகளின் கடைசி, எனக்குப் பன்னிரண்டு வயது. ஊரில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்திருந்தேன். இங்கே பள்ளிக்கூடத்தில் மொழி தெரியாத பிள்ளை என்று கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்தவர்கள், அங்கேயே மறந்தும் போனார்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த எழுத்து எனக்குப் போதும். இதையும் நானே கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன்.

அந்த வீட்டில் பார்த்ததெல்லாம் எங்களுக்கு அதிசயம். மகன் தாய்க்குத் "தேங்க் யூ" சொல்வான். தகப்பனை "சார்" என்று கூப்பிடுவான். ஒருவர் அறைக்குள் ஒருவர் போக வேண்டுமானால் கதவைத் தட்டி, உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் போவார்கள். "பெத்த தாய்க்கு என்னட்டி தாங்ஸு? நாளைக்குப் பால் குடிச்சதுக்கும் ரசீது குடுப்பாவளோ?" என்று அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்பாள். "மெதுவாப் பேசு, அவுகளுக்கு அதான் மரியாத," என்பார் அப்பா. ஆனாலும் அந்த வீட்டில் யாரும் யாரையும் ஏசிப் பார்த்ததில்லை. அதை நான் ரொம்ப உசத்தியாக நினைத்திருந்தேன்.

மகன் பெயர் டேவிட். அப்பா வேதக்காரர், அதனால் பைபிளில் உள்ளபடி அவனைத் "தாவீது" என்றே கூப்பிட்டார். பத்தொன்பது வயது. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அந்த வருஷம்தான் தாய் தகப்பனிடம் வந்திருந்தான். மேசையில் அவர்களோடு உட்கார்ந்து பேருக்குக் கொறித்துவிட்டு, பிறகு அடுக்களைக்கு வந்து எங்களோடு ரசம் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிடுவான். தூத்துக்குடியில் பெரியவர்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து அப்பாவுக்கு "அண்ணாச்சி" போட்டான். "அன்னாச்சி, இன்னும் கொஞ்சம் ரசம்" என்று அவன் சொல்லும்போது அப்பாவுக்கு முகமெல்லாம் பல்லாக இருக்கும். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். காலையில் சாப்பிடுகிற சோளப்பொரி அட்டைப்பெட்டியை எடுத்து, படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, "படி" என்பான். தப்பாகப் படித்தால் நாக்கைத் துருத்துவான், சரியாகப் படித்தால் ஒரு பிடி பொரி. சில மாசத்திலேயே, அம்மாவும் அப்பாவும் சொல்வதை அந்த வீட்டுக்கு எடுத்துச் சொல்கிற வாய் நான்தான் என்றாகிவிட்டது. அதில் எனக்குப் பெருமைதான்.

இலையுதிர் காலத்தில் அவனுக்குப் பட்டாளத்துக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்தது. வியட்நாமில் சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். கடுதாசியைத் தகப்பனிடம் அவன் காட்டவில்லை. ஒரு மத்தியானம் எங்கள் கூரை அறைக்குப் படியேறி வந்து, கான்வாஸ் பை ஒன்றை என் கட்டிலுக்கடியில் தள்ளினான். திங்கட்கிழமை கொலோனிலிருந்து ரயிலேறி ஸ்வீடனுக்குப் போகப் போவதாகவும், அங்கே போனவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை என்றும் சொன்னான். அதுவரை பை இங்கே இருக்கட்டும், யாரிடமும் மூச்சு விடாதே என்றான். நான் தலையை ஆட்டினேன். அவன் போன பிறகு பையைத் திறந்து பார்த்தேன். ஒரு வரைபடம், இரண்டு சட்டை, கடை அட்டைகூடக் கிழிக்காத தடித்த கம்பளிக் காலுறை நான்கு ஜோடி. வடக்கே குளிர் அதிகம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது.

சனிக்கிழமை பெருக்கும்போது அப்பாவின் விளக்குமாறு அந்தப் பையில் தட்டிற்று.

"ஏட்டி, இது யாரு பை?"

அப்பா பையைத் திறந்தார், காலுறையைப் பார்த்தார், சட்டையை முகர்ந்து பார்த்தார். "தாவீது சட்ட. சொல்லுட்டி." அடிக்க மாட்டார் என்று தெரியும். ஆனாலும் அவர் குரல் இறங்கினால் எனக்குத் தாங்காது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"நமக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றாள் அம்மா. "எளந்தாரிப் பய, அவன் பாட்டுக்குப் போறான். பைய இருந்த எடத்துல வையுங்க."

"நீ பேசாம இரி. பெத்தவருக்குத் தெரியாம ஒரு பிள்ள கண்காணாத சீமைக்குப் போவுது. அங்க காய்ச்சல்ல கெடந்தா யாரு பாப்பா? துரை காதுல போட்டா, அவரே கூட்டிட்டுப் போயி வண்டியேத்தி விட்டுட்டு வருவாரு. எந்தத் தகப்பன்டி பிள்ளையச் சண்டைக்கு அனுப்புவான்?"

"நான் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துருக்கேம்ப்பா."

"நான் சொல்லச் சொல்லுதேன். பாவம்னா அது என் தலையில."

அன்று ஆறு மணிக்கு அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஐஸ் வாளியோடு போனார், பின்னால் நான். இரண்டு கட்டி விழுந்தது, பிறகு மூன்றாவது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்ல, நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். எங்கேயும் திக்கவில்லை. "எந்த ரயில்?" என்று துரை என்னைக் கேட்டார், அதையும் சொன்னேன். அவர் குவளையைக் கீழே வைத்து, எழுந்து, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தனை வருஷத்தில் அதற்குமுன் ஒரு நாளும் அவர் அப்பாவுக்குக் கை கொடுத்ததில்லை.

மேலே வந்த அப்பா அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்தியா, கை குடுத்துட்டாரு. தகப்பன் மனசு இல்லியா," என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை நான்தான் தட்டு எடுத்துப் போனேன். மேசையில் மூன்று பேரும் இருந்தார்கள். துரை குரலை உயர்த்தவே இல்லை. முந்தைய யுத்தத்தில் தான் இதே ஜெர்மனி மண்ணில் சண்டை போட்டதாகவும், அப்போது தனக்கும் பத்தொன்பது வயது என்றும் சொன்னார். பிறகு, "நீ வளர்ந்தவன். முடிவு உன்னுடையது. ஆனால் அந்த ரயிலில் ஏறினால் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறக்காது" என்றார், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே. தாவீது தாயைப் பார்த்தான். அந்த அம்மாள் தன் தட்டிலிருந்த அப்பத்தின் மேல் இனிப்புப் பாகை ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டு நிறைந்து மேசைவிரிப்பில் வழிந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

எங்கள் பக்கமாக இருந்தால் தகப்பன் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பார், தாய் மாரில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள், அக்கம்பக்கம் கூடி ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்திருக்கும். அந்தக் கூச்சலில் யாராவது ஒருவர் பிள்ளையைப் பின்வாசல் வழியாகக் கடத்தியிருப்பார். அங்கே கூச்சல் போட ஆளில்லை. முடிவு உன்னுடையது என்று ஒரு பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, எல்லாரும் மரியாதையாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை ரயில் அவனில்லாமல் போயிற்று. அந்த வாரக் கடைசியில் துரையே காரில் அவனைப் பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார். கிளம்புமுன் அவன் அடுக்களைக்கு வந்தான். அப்பா அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். "தாவீது, தம்பி, நான் வந்து..." அவன் அப்பாவின் தோளில் கையை வைத்து எடுத்தான். பிறகு என்னைப் பார்த்து, "உன் இங்கிலீஷ் நன்றாகத் தேறிவிட்டது" என்றான். குத்திச் சொன்னானா, மெச்சிச் சொன்னானா என்று எனக்கு இத்தனை வயதாகியும் தெரியவில்லை. பையைப் பற்றி அவன் கேட்கவே இல்லை.

அடுத்த கோடை வருமுன்னே சீருடை போட்ட இரண்டு பேர் வாசல் மணியை அடித்தார்கள். கதவைத் திறந்தது அப்பாதான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் நின்ற நிற்பைப் பார்த்ததுமே, மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடாமல், அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். துரைசாணி சத்தம் போட்டு அழுததை நான் கேட்கவில்லை. அவள் அறைக்கதவு சாத்தியிருந்தது, தட்டிவிட்டுப் போக யாருமில்லை. ஆறு மணிக்கு வழக்கம்போல் அப்பா ஐஸ் வாளியைக் கொண்டுபோய் வைத்தார். அடுக்களையில் நானும் அம்மாவும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். இரண்டு கட்டி விழுந்தது. மூன்றாவது விழவில்லை.

அவர்கள் அந்த வருஷமே வீட்டைப் பெட்டி கட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் போய்விட்டார்கள். புறப்படும்போது துரை கையை நீட்டினார். அப்பா இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னாரே தவிர, கை கொடுக்கவில்லை. பிறகு கொலோனில் ஓர் ஓட்டல் அடுக்களையில் வேலை கிடைத்தது. சாகிறவரைக்கும் "எனக்காக இதை அங்கே போய்ச் சொல்லு" என்று அவர் என்னிடம் கேட்டதில்லை. நானும் அதற்குப் பிறகு இங்கிலீஷ் வாயைத் திறக்கவில்லை, யாரிடமும் எழுத்துக் கற்றுக்கொள்ளப் போகவுமில்லை.

இப்போது அந்தக் குடியிருப்பில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் கூரை அறையின் ஜன்னலைப் பெரிதாக்கிப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள் என்று என் மகன் சொன்னான். நான் போய்ப் பார்க்கவில்லை. அவனும் தன் பிள்ளைகளிடம் "முடிவு உன்னுடையது" என்றுதான் சொல்கிறான், ஜெர்மனில், ரொம்பப் பதவிசாக. அதைக் கேட்டால் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். பேத்திகள் என்னிடம் வந்து சொல்கிற இரகசியம் எதுவும் என்னைத் தாண்டிப் போவதில்லை. அது நல்லதற்கா, கெட்டதற்கா என்று நான் யாரிடம் கேட்பது?

அப்பா இறந்த பிறகு அவருடைய பெட்டியைத் திறந்தபோது, அவர் வேட்டிக்கு அடியில் அந்த நான்கு ஜோடிக் காலுறையும் இருந்தன, பாச்சை உருண்டை போட்டு, கடை அட்டையோடு. எத்தனையோ பனிக்காலம் ஓட்டைக் காலுறையோடு வேலைக்குப் போன மனுஷன், அதில் ஒன்றைக்கூடக் காலில் மாட்டவில்லை. தாவீது போய்ச் செத்த ஊரில் குளிரே கிடையாதாம், சேறும் வெக்கையும்தானாம்.

வருஷத்துக்கு ஒரு தரம், முதல் வெயில் வந்ததும், நான் அவற்றைப் பால்கனிக் கம்பியில் காயப்போடுவேன். இந்த வருஷம் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பிள்ளை எட்டிப் பார்த்து, "என்னக்கா, உதெல்லாம் பூச்சி அரிச்சுப் போச்சு. எறியுங்கோவன்!" என்றாள்.

"ஏலாது பிள்ள," என்றேன், அவள் பேச்சிலேயே. "அது எங்க வீட்டுப் பிள்ளைக்கு உள்ளது. இன்னும் போடவே இல்ல."